மேனாமினுக்கி

"வாறா பாரு, மேனாமினுக்கி!"

தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வள்ளித்தாய் காறித் துப்பினாள். சேலையைத் தூக்கிச் செருகி, காலில் ஆம்பளை ஷூவை மாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்துகொண்டிருந்தாள் குருவம்மாள். வள்ளித்தாயின் புருஷனுக்கு மூத்த அக்கா.

பட்டாசுக் கம்பெனி வேன் தெருமுனை வரைக்கும் வரும். குருவம்மாள் இப்போதெல்லாம் சாத்தூர் விலக்கிலேயே இறங்கிக்கொள்கிறாள். பகலெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து வீடு வரைக்கும் நடை.

"மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. இனி எவனை மயக்க இந்த நடை?"

பக்கத்தில் நின்ற பைரோஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரர் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். "எண்ணெய்ப் பரோட்டான்னா ஒம் மதினி உசுரை விடுமே வள்ளி. இப்பக் கடைப் பக்கமே திரும்புறதில்ல. அன்னைக்குச் சும்மா குடுத்ததுக்கும் வேண்டாம்னுட்டுப் போகுது."

"திமிரு. வேற என்ன?"

வீட்டுக்குள் வள்ளித்தாயின் புருஷன் மாரிக்கண்ணன் சுருண்டு கிடந்தான். லோடு வேன் ஓட்டிய ஆள். கண்ணெல்லாம் மஞ்சளித்து, கைகால் சூம்பி, வயிறு மட்டும் பானையாக வீங்கியிருந்தது. தாமதிக்காமல் ஒரு வழி பண்ணுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிப் பல நாளாகிவிட்டது.

வள்ளித்தாய் தன்னால் ஆனமட்டும் பார்த்தாள். நடக்கவில்லை. கடைசியில் மதினியின் காலில் விழுந்தாள். குருவம்மாளும் உடனே கிளம்பி மதுரை வரைக்கும் போய்விட்டு வந்தாள். வந்தவள் உள்ளே கூட வரவில்லை. வாசலில் நின்று, "இப்பைக்கு முடியாதாம் வள்ளி" என்றாள். அம்புட்டுதான்.

முடியாதாம்! மனசில்லை என்றால் நேராகச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று வள்ளித்தாய்க்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் ஆறுமுன்னே மதினி நடக்க ஆரம்பித்துவிட்டாள். சோற்றைக் குறைத்தாள். கருப்பட்டிக் காப்பியை விட்டாள். காராச்சேவு இல்லாமல் கஞ்சி இறங்காத வாய், இப்போது சுரைக்காயை அவித்துத் தின்றது.

அன்று சாயங்காலம் வள்ளித்தாய்க்குப் பொறுக்கவில்லை. நேரே குருவம்மாள் வீட்டுக்குப் போய் நின்றாள். குருவம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முளைகட்டிய பயறைக் கையில் அள்ளி மென்றுகொண்டிருந்தாள். எதிரே சுவரில் சாத்தி வைத்த செல்போனில், எண்ணெய் ஊற்றாமல் தாளிப்பது எப்படி என்று ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கீகளா மதினி? இடுப்பு எம்புட்டுக் கொறஞ்சிருக்கு?"

"உக்காரு வள்ளி. தம்பி எப்படி இருக்கான்?"

"சாகக் கெடக்காரு. நீங்க அளகு பாத்துக்கிட்டு இருங்க. என்ன நோவு ஒங்களுக்கு? சீனியா? பிரசரா?"

"ஒண்ணும் இல்ல."

"பெறகு எதுக்கு இந்த வேசம்?"

குருவம்மாள் மென்றதை விழுங்கினாள். "ஆகட்டும். பெறகு சொல்லுதேன்."

"எப்ப? கருமாதி முடிஞ்ச பெறகா?"

வள்ளித்தாய் காலால் தட்டைத் தள்ளிவிட்டாள். பயறு தரையெல்லாம் சிதறியது. குருவம்மாள் குனிந்து பயறைப் பொறுக்கினாள், தண்ணீரில் அலசினாள், மறுபடியும் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள்.

வள்ளித்தாய் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "சீ! நீயும் ஒரு கூடப் பொறந்தவளா? இனி எங்க வாசப்படிய மிதிக்கப்பிடாது, சொல்லிட்டேன்."

குருவம்மாள் மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு, அதே ஷூவில் அதே வேகத்தில் கடந்து போனாள். உடம்பு கண்ணுக்குத் தெரிய இளைத்தது. "குமரி ஆயிட்டாளே!" என்று அவள் காதில் விழும்படி வள்ளித்தாய் சொன்னாள். தெரு சிரித்தது.

மாசங்கள் போயின. ஒரு விடியற்காலம் மாரிக்கண்ணன் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆம்புலன்ஸில் அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பறந்தார்கள். அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மத்தியானம் வரைக்கும் வள்ளித்தாய் சுவரில் சாய்ந்தே நின்றாள். அழக்கூடத் தெம்பில்லை. உட்கார இடம் தேடித் திரும்பியவள், வராந்தாக் கோடியில் பெஞ்சில் இருந்த ஆளைப் பார்த்தாள். ஜாக்கெட் தொளதொளவென்று தொங்க, ஒரு துணிப்பையை மடியில் வைத்தபடி குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கயும் வந்துட்டியா?" வள்ளித்தாய் கத்தினாள். "எளைச்ச ஒடம்ப யாருக்குக் காட்ட வந்த? அவரு போறதப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தியாக்கும்?"

குருவம்மாள் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது.

வெளியே வந்த டாக்டரிடம் வள்ளித்தாய் கையெடுத்துக் கும்பிட்டபடி ஓடினாள். அவர் அவளைத் தாண்டி, பெஞ்சுப் பக்கமாகப் போனார். குருவம்மாள் எழுந்து நின்றாள். டாக்டர் சிரித்தார்.

"போன தடவை முடியாதுன்னு திருப்பி அனுப்பினோமேம்மா, இப்ப ஸ்கேன்ல பாத்தா உங்க ஈரல்ல கொழுப்பே இல்ல. ஒரு துண்டை வெட்டியெடுத்து உங்க தம்பிக்கு வச்சிரலாம்."