பச்சை வண்டி நின்ற வீடு

பச்சை வண்டி முனை திரும்பியதைப் பார்த்ததும் ராகினி, சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். படத்தை ஒளித்துவிட்டால் வண்டி வேறு வீட்டுக்குப் போய்விடுமா என்ன? பயம் வந்துவிட்டால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

மலாக்காவில், மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டி இருந்த ராணுவ முகாமில், குடும்பங்கள் குடியிருக்கும் குவாட்டர்ஸ் அது. சமையல் கேஸ் தோங் கொண்டுவருகிறவனைக்கூட கேட்டிலிருந்து ஓர் ஆள் துணைக்கு வராமல் உள்ளே விடமாட்டார்கள்.

அவள் புருஷன் கோப்பரல் தினேஷ்வரன் அமைதிப் படையோடு லெபனான் போய் ஐந்து மாதமாகிறது. எல்லைப் பக்கம் குண்டு விழுந்தது என்று டிவியில் சொல்லி நாலு நாள். அன்றிலிருந்து ராகினி அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

அதற்கு முந்திய வாரம் இருவரும் பேசியதும் பேச்சல்ல, சண்டை. "ரெண்டாவது வாட்டியும் நீங்களாத்தானே பேரு குடுத்துட்டுப் போனீங்க? அப்பறம் பொண்டாட்டி எதுக்கு? என்னை விட்டுடுங்க" என்று கத்திவிட்டு இவள்தான் போனை வைத்தாள். கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுவாகிவிடுமோ என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு மலர்க்கொடி அக்கா. சார்ஜண்ட் மனைவி, இருபது வருஷமாகக் குவாட்டர்ஸ் வாசி. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நேற்று வந்து, இருந்த பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டுப் போயிருந்தாள்.

"கெட்ட செய்தின்னா போன்ல சொல்லமாட்டாங்க லா. யூனிபோர்ம் போட்டு ஒருத்தரு வருவாரு, கூட ஒரு பொம்பள வருவாங்க. பொம்பள எதுக்குன்னா, நம்மள தாங்கிப் புடிச்சுக்க. மொதல்ல உக்காருங்கன்னுதான் சொல்லுவாங்க. ஒனக்கு அப்படியெல்லாம் ஒன்னும் வராது. நீ சாப்புடு."

வண்டி ஊர்ந்து வந்தது. வரிசை வீடுகளில் ஒவ்வொரு கதவிலும் ஒரு பெண் நின்றாள். வண்டி தாண்டிப்போன வீட்டுக்காரிகள் மூச்சு விட்டார்கள்; தாண்டாத வீட்டுக்காரிகள் விடவில்லை.

ராகினியின் வீட்டு வாசலில் வண்டி நின்றது.

யூனிபோர்ம் போட்ட ஒருவர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். மறுபக்கக் கதவு திறந்து ஒரு பெண் இறங்கினாள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, நெஞ்சோடு அணைத்த பழுப்பு உறை.

"புவான் ராகினி?" என்று மலாய் மரியாதையோடு கேட்டார் அவர்.

"இல்ல" என்றாள் ராகினி.

அவர் கதவு எண்ணைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். அந்தப் பெண் முன்னால் வந்து, மெல்லிய குரலில், "அக்கா, உள்ள போயி பேசலாமா? மொதல்ல உக்காருங்க" என்றாள்.

ராகினி கதவைப் பிடிக்கப் போய், பிடி தவறினாள். விழப்போனவளை அந்தப் பெண் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். மலர்க்கொடி அக்கா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சொல்லாதீங்க. சொல்லாம அப்படியே திரும்பிப் போயிடுங்க" என்று ராகினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கோவத்துல சொன்னேன். அத மனசுல வச்சுக்கிட்டேவா போனாரு?"

அந்தப் பெண் விழித்தாள். "யாரு போனாரு அக்கா? நான் உஷாந்தி, மலாக்கா டவுன்ல லாயர் ஆபீஸ் கிளார்க். இவரு கேட்ல இருக்கற கார்ட். வெளியாள தனியா விடமாட்டோம்னு, அவங்க வண்டியிலயே ஏத்திக் கூட்டிட்டு வந்தாரு."

உறையைப் பிரித்து, சங்கடத்தோடு நீட்டினாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து விவாகரத்து கேக்குற மனு. நீங்கதான் விட்டுடச் சொன்னீங்கன்னு போன வாரமே ஒங்க ஹஸ்பண்ட் எங்களுக்கு எழுதினாரு. சம்மதம்னா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். தீர்ப்பாயிட்டா இந்த வீட்டையும் காலி பண்ணணும்கா, கேம்ப் ரூல். அதான் உக்கார சொன்னேன்."

"போன வாரமா?" ராகினி மறுபடி அவள் கையைப் பிடித்தாள். குண்டு விழுந்தது இந்த வாரம் அல்லவா?

"எழுதினது போன வாரம். இன்னிக்கு காலையில போன் பண்ணி, பேப்பர் குடுத்தாச்சான்னு கேட்டாரே. நாலு நாளா அங்க யாரையும் போன் பேச விடலையாம், இன்னிக்கும் சொந்த போன் இல்லாம கேம்ப் போன்லதான் பேசுனாரு."

"இன்னிக்கா? அவரேவா பேசுனாரு?"

"அவரேதான். பேச்சுக்குப் பேச்சு இருமிக்கிட்டே இருந்தாரு."

"தூசி ஒத்துக்காது அவருக்கு" என்றாள் ராகினி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்து, படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

அதற்குள் மலர்க்கொடி அக்கா அவிழ்ந்த கூந்தலோடு மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். "ஐயோ தங்கச்சி, என்னம்மா சொன்னாங்க?"

"ஒன்னுமில்லக்கா. டிவோர்ஸ்தான் லா."