மூன்றாவது அசை

தையல்கார அக்காவின் முஷ்டி மறுபடியும் மூன்றாவது அசையில்தான் விழுந்தது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தாலிய மொழி வகுப்பில் டீச்சர் வைத்திருந்த பழக்கம் அது. வினைச்சொல்லை அசை அசையாகப் பிரித்து மேசையில் தட்ட வேண்டும். சாதாரண அசைக்கு ஒரு விரல், அழுத்தம் விழும் அசைக்கு முஷ்டி. அ, ஸ்பெத், த, னோ. ‘அவர்கள் காத்திருக்கிறார்கள்.’ குத்து இரண்டாவதில் விழ வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் அக்காவுக்கு இது ஏழாவது முறை. தேறினால்தான் விசா. விசா வந்தால்தான், நான்கு வருடமாக இத்தாலியில் வேலை பார்க்கும் கணவனோடு போய்ச் சேர முடியும். அவளுக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் தேறி, விமானம் ஏறி, போட்டோவும் அனுப்பிவிட்டார்கள். இவளுக்குச் சொல்லிச் சொல்லி டீச்சருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பாவம், மண்டையில் ஏறவில்லை. அதற்கு அவள் என்ன செய்வாள்?

அக்காவை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்த வேலைகளை முடித்துக்கொண்டு டீச்சர் வந்தாள்.

நடைவழி பெஞ்சில் அக்கா, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துத் தட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே சொல். விரல், முஷ்டி, விரல், விரல். அடுத்த சொல்லும் சரி, அதற்கடுத்ததும் சரி. டீச்சரே அத்தனை சுத்தமாகத் தட்டியதில்லை.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. ஏழு தடவையும் நடிப்பா? தனியே அழைத்துப்போய்க் கேட்டேவிட்டாள்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அவரு என்கூட பேசி ரெண்டு வருஷம் ஆச்சு டீச்சர். நான் ஃபெயிலாகிற வரைக்கும் குத்தம் என் மேல. வீட்ல மக்குன்னு திட்டுவாங்க, அவ்வளவுதான். பாஸாயிட்டா, அவரு என்னைக் கூப்பிடவே இல்லங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.”

பிறகு தலையை நிமிர்த்தி, “இந்தத் தடவையும் ஃபெயில்தானே?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையை டீச்சரால் தாங்க முடியவில்லை.

அக்காவை வெளியே அனுப்பியதுமே டீச்சர் பரிதாபப்பட்டுப் பாஸ் போட்டு, அக்காவின் மாமியாருக்குப் போன் செய்து நல்ல செய்தியைச் சொல்லிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மாமியார் அழுதேவிட்டார். போனை வைக்கும் முன்பே, பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.