தளத்தில் ஒரு காலடி

அந்தக் காலத்தில் இல்லை, போன ஞாயிற்றுக்கிழமைதான். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் ஆரோக்கியராஜ் என்று ஒருத்தர் இருந்தாராம். அவர் வீட்டுக்கு ஒரு மண்வாசல் இருந்ததாம். அன்று காலையில் அதற்கு சிமெண்ட் தளம் வந்ததாம்.

ஆள் வைக்கவில்லை. அவர், மனைவி, காலேஜ் படிக்கும் மகள் சில்வியா மூன்று பேரும்தான் ஜல்லி சுமந்தார்கள். முதல் கலவை கஞ்சியாகிப் போனது. பக்கெட் பிடி கழன்று அவர் கால்மேல் விழுந்தது. அந்தக் கோபத்தில் பக்கெட்டை ரோட்டோரம் வீசினார். பழைய கட்டில் சட்டத்தை வைத்துத் தேய்த்து முடித்தபோது, தளம் கண்ணாடி மாதிரி இருந்தது.

மூன்று பேரும் குளித்துவிட்டு மொரப்பூருக்கு ஞானஸ்நான விருந்துக்குப் போனார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்தால்...

"எவன்டா கால வெச்சவன்?"

தளத்தின் ஓரத்தில் ஒரு காலடி. ஐந்து விரலையும் எண்ணலாம். பக்கத்தில் பாதி மடித்தபடி ஒரு தார்ப்பாய். அதன் மடிப்பில் நாலைந்து புளிச்சுளை ஒட்டிக்கொண்டிருந்தது.

யார் வீட்டுப் புளி என்று கேட்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பச்சியப்பன் வாசலில்தான் ஒரு வாரமாகப் புளி காய்கிறது. வேலிக்கல் தகராறில் இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

"பாத்தியாடி? நாம அந்தாண்ட போனதும் நம்ம தளத்துல புளி காயப்போட வந்திருக்கான். கால வெச்சப்புறந்தான் ஈரம்னு தெரிஞ்சிருக்கு. போட்டது போட்டபடி ஓடிட்டான்!"

"மெல்லப் பேசுங்க," என்றாள் மனைவி.

"எதுக்கு மெல்ல? ஊரே கேக்கட்டும்!"

தார்ப்பாய் வேலிக்கு அந்தப்பக்கம் பறந்தது.

"யோவ் பச்சியப்பா! வெளிய வாய்யா! சொந்தமா ஒரு தளம் போட வக்கில்ல, அடுத்தவன் வூட்டு வாசல் கேக்குதா உனக்கு?"

பச்சியப்பன் வந்தார். வலது பாதத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது.

"தெரியாம பட்டுடுச்சுங்க. நாளைக்குக் கொஞ்சம் கலவை போட்டுத் தேச்சு உட்டுடறேன்."

"உன் தேப்பு ஒண்ணும் வேணாம். காலைல ஸ்டேஷனுக்கு வந்து பேசு!"

ரோட்டில் நின்ற இரண்டு பேர், சரிதானே என்பதுபோல் தலையாட்டினார்கள்.

"அப்பா..." என்றாள் சில்வியா.

"நீ வாய மூடு!"

"இல்லப்பா, இந்த பக்கெட்ட காலியாத்தான வீசிட்டுப் போனீங்க?"

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டு விரக்கட தண்ணி நிக்குது. ரோட்டுப் பள்ளத்துலயும் தண்ணி. இங்க மழை ஊத்தியிருக்குப்பா. மொரப்பூர்லதான் இல்ல."

ஆரோக்கியராஜ் தளத்தைப் பார்த்தார். ஒரு காலடி. அது தவிர ஒரு சொட்டு விழுந்த தடம்கூட இல்லை.

பச்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வேலிக்கு அந்தப்பக்கம் அவர் மனைவி காவேரி மட்டும் நின்றாள். அவள் கோபம் ஆரோக்கியராஜ்மேல் இல்லை. வீட்டுக்குள் பார்த்துத்தான் கத்தினாள்.

"மழை வந்ததும் புளிய மூட எடுத்த தார்ப்பாய, அவங்க வூட்டுத் தளம் போயிடும்னு தூக்கிட்டு ஓடுனியே! இருந்ததே அது ஒண்ணுதான். நல்லா வாங்கிக் கட்டிக்க!"

நனைந்து கறுத்த புளிக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, குப்பைக்குழியைப் பார்த்து நடந்தாள்.