சிவப்புச் சுவிட்ச்

"சொன்னது ஒரேயொரு வேலை அண்ணை! ஒரு சுவிட்சை நிப்பாட்டுறது. அதுகூட உங்களாலை ஏலாதோ?"

மதீசன் இன்னும் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. ரொறன்ரோவில் மச்சாளின் கலியாணம் முடித்து, மூன்று கிழமைக்குப் பிறகு இப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். பெட்டிகள் வாசலிலேயே கிடந்தன. வெளியே மைனஸ் பன்னிரண்டு. வீட்டைச் சூடாக்குகிற ஹைசுங் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே நிலம் இளஞ்சூடாக இருந்தது.

வீட்டுத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க மனைவி கமலநாயகியோடு வந்திருந்த தம்பித்துரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு ஹைசுங்? வெளிக்கிட்ட அந்தரத்திலை நான் மறந்துபோனன். அங்கை இறங்கின உடனை உங்களுக்குத்தான் போன் எடுத்தனான். கீழை பொய்லர் அறைக் கதவடியிலை சிவப்புச் சுவிட்ச் இருக்கு, அதை நிப்பாட்டிவிடுங்கோ எண்டு. நீங்களும் ஓம் ஓம் எண்டனீங்கள்!"

மதீசனின் மனைவி தக்சாயினியும் சேர்ந்துகொண்டாள். "ஊரிலை வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டா, மெயின் சுவிட்சை நிப்பாட்டிப்போட்டுத்தானே போறது. எங்கை நெருப்புக் கிருப்புப் பிடிச்சிடுமோ எண்டு எனக்கு அங்கை நித்திரையே இல்லை அண்ணை."

மதீசன் விடவில்லை. "மூண்டு கிழமை சும்மா நிண்டு எரிஞ்சிருக்கு. இல்லாட்டி நீங்கள்தான் வந்திருந்து குளிர்காய்ஞ்சனீங்களோ?"

தம்பித்துரையின் முகம் சுருங்கியது. கமலநாயகி அவருடைய முழங்கையில் இடித்தாள். "இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. எரிச்சலிலை வேணுமெண்டே விட்டனீங்களோ?"

எரிச்சல் இருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

மதீசன் ஜெர்மனிக்கு வந்தபோது ஒரு சொல் டொச் தெரியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதல் டெர்மினுக்குக் கூட்டிக்கொண்டு போய், பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தது தம்பித்துரை. எட்டு மாதம் அவன் படுத்தது தம்பித்துரையின் சோபாவில். இன்றைக்கு அவனுக்குக் கெல்சென்கிர்ச்சனில் சொந்த வீடு. புது காஸ் பொய்லர், நிலத்துக்கு அடியில் சுடுதண்ணீர் ஓடுகிற குழாய். தம்பித்துரைக்கு அதே மூன்றாம் மாடி, அதே வாடகை வீடு, அதே சோபா.

புது வீட்டுக்குக் குடிபூரல் அன்று பெண்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "ஐயோ, நிலமே சுடுகுது!" என்று சின்னப்பிள்ளைகள் மாதிரி அறை அறையாக நடந்தார்கள். எல்லாரையும்விடக் கூட நடந்தது கமலநாயகி. தம்பித்துரை இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு போய் ஒரு மூலையில் நின்றார். அந்தச் சூடு தன் காலில் படக்கூடாதாம்.

மதீசன் போன் எடுத்த அன்றே அவர் இங்கே வந்தவர்தான். அந்தச் சிவப்புச் சுவிட்சில் கை வைத்தவர்தான். நிப்பாட்டினால், இந்தக் குளிருக்கு வீடு என்ன கதிக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். மதீசனுக்குத் தெரியாது. பிறகு கேட்டால், "நீதானேயப்பா சொன்னனி" என்று கையைக் கழுவிவிடலாம். ஒருத்தரும் ஒரு குற்றமும் சொல்ல ஏலாது. பொறாமைக்காரனுக்கு இப்படியொரு சந்தர்ப்பம் ஆயுளில் இரண்டாம் தரம் வராது.

பத்து நிமிடம் நின்றார். பிறகு கையை எடுத்துக் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை வரவில்லை, அவ்வளவுதான்.

இதை இப்போது சொல்லலாம். ஆனால் வாயைத் திறந்தால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

வாசல் மணி அடித்தது. பீலிக்ஸ் நின்றான். இந்த வீட்டுக்குப் பொய்லர் பூட்டிக் கொடுத்த ஆள். காற்சட்டை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று டொச்சில் கேட்டான். "பக்கத்து வீட்டு அல்பேர்ட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார். தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிட்டன. பொய்லரும் பிளந்துவிட்டது. இனி நிலம் முழுக்கக் கிண்ட வேண்டும்."

மதீசனின் குரல் இறங்கியது. "நாங்களும் நிறுத்தியிருந்தால்?"

"இதே கதைதான். தண்ணீர் மிகவும் குளிர்ந்தால் பொய்லர் தானாகவே எரிந்து காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கரண்டும் காஸும் வேண்டுமே! குளிர்காலத்தில் அந்தச் சிவப்புச் சுவிட்சைத் தொடவே கூடாது. உங்களுக்குத்தான் தெரியுமே."

தம்பித்துரையைப் பார்த்து ஒருமுறை தலையாட்டிவிட்டுப் பீலிக்ஸ் திரும்ப ஓடினான்.

மதீசன் வந்து தம்பித்துரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அறிவில்லாமல் கதைச்சுப்போட்டன். நான் சொன்னபடி நீங்கள் செய்திருந்தா இந்த வீடு துலைஞ்சிருக்கும்."

தக்சாயினி தேத்தண்ணி போட ஓடினாள். கமலநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டனே" என்றாள்.

"எனக்கே தெரியாத விசயம்! உங்களுக்கு எப்பிடியண்ணை தெரியும்?" என்றான் மதீசன்.

"சும்மா... மனசுக்குப் பட்டுது" என்றார் தம்பித்துரை.

மனசுக்கு ஒன்றும் படவில்லை. ஐப்பசியில் பொய்லர் பூட்டிய அன்று மதீசனுக்கு வேலை. கதவைத் திறந்துவிட்டுக் கூட நின்றது தம்பித்துரை. பீலிக்ஸ் இதே சுவிட்சைக் காட்டி, இரண்டு தரம் விளங்கப்படுத்தினான். போகும்போது அவருடைய தோளில் தட்டிச் சொன்னான்:

"இதை மறக்காமல் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்."