நிறைந்தாலும் காலி

திருப்பதி அலுவலகத்தில் இன்டர்வியூவுக்கு வந்திருந்த ஸ்வர்ணலதாவின் பயோடேட்டாவைப் பார்த்ததுமே ஸ்ரீஹரிக்கு ஆர்வம் போய்விட்டது.

"ஏழு வருஷமா வேலைக்கே போகலையா மேடம்?"

"பொண்ணைப் பாத்துக்கினு புத்தூர்ல இருந்தேன் சார்."

இந்நேரம் எல்லாமே மறந்திருக்கும். மனம் நோகாமல் அனுப்பிவிட ஒரு வழி வேண்டும். இரண்டு மாதமாகத் தன் உயிரை வாங்கும் புரோகிராம் கோடு ஒன்றை லேப்டாப்பில் திறந்து, அவள் பக்கம் திருப்பினான்.

"நெட்வொர்க் கார்டுல வர்ற டேட்டா பாக்கெட்டை சிஸ்டம் இந்த ரிங்லதான், வட்டமா இருக்கற இடத்துல, வரிசையா வெச்சுக்குது. டிராஃபிக் ஏறினா மொத்தமா காணாம பூடுது. ஏன்னு சொல்லுங்க."

அவள் நிதானமாகப் படித்தாள்.

"ரிங் நிறைஞ்சா ஆரம்பமும் முடிவும் ஒரே இடத்துல வந்துடுது, அதைப் பாத்து காலின்னு நெனச்சுக்குது சார். ஒரு இடத்தை எப்பவும் சும்மா விட்டு வெக்கணும். எழுதினவங்க அதைக் கவனிக்கல."

ஸ்ரீஹரிக்குச் சுருக்கென்றது.

"எத்தனையோ கம்பெனியில ஓடிக்கினு இருக்கற கோடு மேடம் இது. எழுதினவரு லேசுப்பட்ட ஆள் இல்ல. அவரைப் போய்க் கவனிக்கலன்றீங்களே?"

"அவருக்கு அப்போ ஒன்பதாம் மாசம் சார்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பிரசவ லீவுக்கு முந்தின நாள், பெங்களூர் ஆபீஸ்ல அவசரமா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

ஸ்ரீஹரி தன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"இங்க வந்து உக்காருங்க மேடம். விட்டுப்போனதை எழுதிட்டு, எப்ப ஜாயின் பண்றீங்கன்னு சொல்லுங்க."