ஓட்டுக்கு ஒரு டப்பா

தேர்தல் என்பது பழனிவேலுக்குப் புதிதல்ல. ஒரகடத்தில் அவன் சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனியில் கேன்டீன் கமிட்டிக்கு இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் ஜெயித்தவன். ஓட்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ். அதற்குப் பிறகும் கேன்டீன் சாம்பார் பழையபடி தண்ணீராகத்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. ஹாட்பாக்ஸ் வாங்கியவன் எந்த வாயால் கேட்பான்?

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சுபஸ்ரீ, பள்ளியில் மாணவர் தலைவர் தேர்தல் வருகிறது என்று வாய் தவறிச் சொன்னதும் அவனுக்குக் கை பரபரத்தது.

காரணம் இருந்தது. ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தொடக்கப் பள்ளியில் தலைவராக இருந்த பிள்ளைகளுக்கு அங்கே பாதிக் கட்டணம்தான். அந்தச் சலுகை இல்லாவிட்டால் அவன் சம்பளத்துக்கு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க முடியாது.

"ஜெயிச்சா ஏற்காடு. குதிரை ஓட்டக்கூட சொல்லித் தர்றாங்க. தோத்தா இன்னா தெரியுமா? இங்கியே கெடக்க வேண்டியதுதான், உங்கம்மா முந்தானையப் புடிச்சிகினு" என்றான்.

சுபஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். பத்து வயதுக் குழந்தையை ஹாஸ்டலில் தள்ளாதே என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டு ஓய்ந்திருந்த லீலா, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எதிர்த்து நிற்பது ஏலவார்குழலி ஒருத்திதான். அவள் அம்மா பழனிவேல் கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்டில் பாத்திரம் கழுவுகிறவள். செலவு செய்ய வழியில்லாத இடம். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பழனிவேல் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை படப்பைக் கடைத்தெருவுக்குப் போய், ஓட்டுப் போடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கலர் பென்சில் டப்பா வாங்கி வந்தான். மூடியில் பளபளவென்று யானைக்குட்டிப் படம். மகளை உட்கார வைத்து வகுப்பெடுத்தான்.

"சும்மா குடுத்தா வாங்கிகினு மாத்திப் போட்டுடுவாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் குன்றத்தூர் முருகன் மேல சத்தியம் வாங்கு. யாருக்குப் போடணும்னு பேரைத் தெளிவா சொல்லு. மாத்தினா சாமி கண்ணைக் குத்திடும்னு சொல்லு. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு சத்தியம்."

"ஏலவார்குழலிக்கும் குடுக்கணுமாப்பா?"

"அவளுக்கும் குடு. அதான் கெத்து."

"சத்தியம் பண்ணிட்டா நெஜமாவே மாத்த மாட்டாங்களா?"

"எங்க லைன்ல கடா மீசை வெச்சவனே மாத்தல. பசங்க இன்னா?"

சுபஸ்ரீ கெட்டிக்காரி. புதன்கிழமைக்குள் பை காலி. "எல்லாரும் சத்தியம் பண்ணிட்டாங்கப்பா" என்றாள். பழனிவேல் அவளுக்குப் பதவியேற்புக்கென்று புது ஷூ வாங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. எல்லா ஓட்டும் ஏலவார்குழலிக்கு. சுபஸ்ரீக்கு ஒன்றுகூட இல்லை.

பழனிவேலுக்குத் தலை சுற்றியது. தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதெப்படி ஒன்றுகூட இல்லாமல் போகும்?

"நீ போட்ட ஓட்டு எங்கம்மா போச்சு?"

சுபஸ்ரீ தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். பெற்ற மனம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. ஓட்டுப் பெட்டியையே மாற்றியிருக்கிறார்கள்!

திங்கட்கிழமை, ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுத் தலைமையாசிரியை ராஜலட்சுமியின் எதிரில் போய் நின்றான்.

"ஓட்டு எண்ணினதுல கோல்மால் நடந்திருக்கு டீச்சர்."

"எல்லாப் பசங்க எதிர்லயும்தான் எண்ணினோம் சார்."

"இல்ல டீச்சர். எல்லாரும் எம்பொண்ணுக்குத்தான் போட்டிருப்பாங்க. எனக்கு நிச்சயமா தெரியும்."

"எப்படித் தெரியும்?"

பழனிவேல் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தான்.

"நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றார் ராஜலட்சுமி. "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி யானைக்குட்டி டப்பா. யார் குடுத்தான்னு கேட்டா ஒரு வாண்டும் வாயத் தொறக்கல. முருகன் மேல சத்தியமாம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கெப்படி டீச்சர் தெரியும்?" என்று சொல்லி முடிப்பதற்குள் பழனிவேல் வாசலைத் தாண்டியிருந்தான்.

வெளியே குடிநீர்க் குழாயடியில் ஏலவார்குழலி நின்றிருந்தாள். சட்டையில் தலைவர் பேட்ஜ், கையில் அவன் காசில் வாங்கிய டப்பா. அவனுக்கு வயிறு எரிந்தது. எல்லார் எதிரிலும் எண்ணியிருந்தால் பெட்டி மாறியிருக்க முடியாது. இவள் அம்மாதான் டப்பாவைவிடப் பெரிதாக எதையோ கொடுத்துக் கவிழ்த்திருக்கிறாள்!

"உண்மையச் சொல்லு பாப்பா. உங்க வூட்லேர்ந்து பசங்களுக்கு இன்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல அங்கிள். எனக்குத் தலைவராவணும்னே இல்ல. டீச்சர் நிக்கச் சொன்னாங்க, நின்னேன். நானே சுபஸ்ரீக்குத்தான் போடறதா இருந்தேன்."

"அப்புறம் ஏன் போடல?"

ஏலவார்குழலி அக்கம்பக்கம் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கண்களையும் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"சுபஸ்ரீதான் அங்கிள் இந்த டப்பாவக் குடுத்து, எனக்கு நானே ஓட்டுப் போட்டுக்கணும்னு சத்தியம் வாங்கிகினா!"