இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்

மனையைப் பிரிக்க நகராட்சியில் மனுக் கொடுப்பவர்கள் எல்லாரும் சர்வேயரான என்னிடம் கெஞ்சுவது ஒன்றுதான். கோட்டைத் தங்கள் வீட்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளிப் போட வேண்டும்!

இந்த அம்மா நேர்மாறு.

"இன்னும் கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் போடுங்க தம்பி," என்று மாவுக்கட்டுப் போட்ட கையால் காட்டினார்.

"பாதிக்கு மேல அடுத்த மனைக்குப் போயிடுமேம்மா! அது யாருக்கு, பிள்ளைங்களுக்கா?"

"எனக்கு ஏதுப்பா பிள்ளைங்க? விக்கத்தான்."

விற்கிறவர் யாராவது தன் வீட்டுச் சுவரை ஒட்டியே கோடு போடச் சொல்வாரா? இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று மனசு குறுகுறுத்தது.

"உங்க சுவத்துல இருந்து அஞ்சடியாவது விட்டாகணும்மா. இல்லேன்னா அனுமதி கிடைக்காது."

"அப்போ அஞ்சடி. அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட வேணாம். வாங்குறவங்க என் பாத்ரூம் பக்கமாவே வீடு கட்டுவாங்கல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா யோசிச்சுக்குங்க. அவ்வளவு கிட்ட வந்துட்டா உங்க நிம்மதியே போயிடும். அவங்க டிவி, சண்டை, குழந்தை அழுகைன்னு எல்லாம் உங்களுக்குக் கேக்கும்."

அவர் மாவுக்கட்டை மெல்லத் தடவிக்கொண்டார்.

"கேக்கட்டும் தம்பி. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். எழுந்திருக்க முடியலை. தொண்டை கட்டிப் போற வரைக்கும் கத்தினேன். மறுநாள் பால்காரர் வந்துதான் தூக்கினார். அடுத்த தடவை நான் கத்தினா, அவங்களுக்குக் கேக்கணும்ல?"